சாயம் கலந்த கிணற்றுத் தண்ணீருக்குப் பருத்திமார் கரி உதவுமா?

கேள்வி: நொய்யல் கரையோரம், காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டம். கிணற்றுத் தண்ணீர் லேசாகச் சிவந்து வருகிறது. பருத்திமாரும் (காய்ந்த பருத்திச் செடித் தண்டு) கொட்டாங்குச்சியும் நிறையக் கிடக்கின்றன. அவற்றைக் கரியாக்கி டிரம்மில் போட்டு வடிகட்டினால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்கிறார்கள். அதைத் தென்னைக்குப் பாய்ச்சலாமா, மாட்டுக்குக் காட்டலாமா ஐயா?

பதில்: நிறம் ஓரளவு குறையும், உப்பு குறையாது. உங்கள் பகுதியில் தென்னையைக் காயவைப்பது அந்த உப்புதான். அதனால் டிரம் வாங்கச் செலவு செய்யும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

காற்று அதிகம் படாமல் வெந்த கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். சாயம், பூச்சிக்கொல்லி போன்ற கரிமப் பொருள்கள் அந்தத் துளைச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் உப்பில் இருக்கும் சோடியமும் குளோரைடும் தண்ணீரோடு நேராகப் போய்விடும். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் (நூலிழையோடு வேதிமுறையில் பிணையும் வகை) ஏற்றும்போது லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்பு போடுவார்கள்; அத்தனையும் கழிவில்தான் வரும். கழிவை வெளியே விடாத நிலை வரும்வரை திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் அதற்கு முன்பே நிலத்தடியில் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. இன்னொரு சிக்கல், ரியாக்டிவ் சாயத்துக்கும் சாதாரணக் கரிக்கும் ஒரே எதிர்மின் தன்மை. அதனால் இந்தச் சாயம் கரியில் அவ்வளவாக ஒட்டாது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பருத்திமாரை நன்றாகக் காயவைத்து, மேலே அகன்று கீழே குறுகிய குழியில் அடியில் தீ மூட்டுங்கள். மேலடுக்கில் வெண்சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் போடுங்கள். குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி முழுக்க அணைத்துவிட வேண்டும். நல்ல கரி கிணுக்கென்று ஒடியும், கையில் தேய்த்தால் பிசுக்கு இருக்காது. பிசுக்கு இருந்தால் சரியாக வேகவில்லை. அந்தக் கரியே தண்ணீரைக் கெடுக்கும். சாம்பல் போகும்வரை கழுவிக் காயவைத்து, கடுகு அளவுக்கு நொறுக்கி, ஒரு லிட்டர் கிணற்றுத் தண்ணீரில் 10 கிராம் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். அப்புறம் துணியில் வடித்து, போடாத தண்ணீரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஈ.சி. மீட்டர் (தண்ணீரின் மின்கடத்து திறனை வைத்து உப்பைக் காட்டும் கருவி) கிடைத்தால் அதையும் வைத்துப் பாருங்கள். நிறம் வெளுத்திருந்தாலும் மீட்டரின் எண் பெரிதாக இறங்கியிருக்காது.

மாட்டுக்குக் காட்ட வேண்டாம். தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் ஆகாது. அசோ என்ற வகைச் சாயங்கள் சிதையும்போது அமீன்கள் என்ற நிறமே இல்லாத வேதிப்பொருள்கள் உண்டாகும், அவற்றில் சில நஞ்சு. மாட்டுக்கு வேறு தண்ணீர்தான் வேண்டும், அது வாங்கி ஊற்றுவதானாலும் சரி.

சாயம் பிடித்த கரியை உரக்குழியிலோ வயலிலோ போடாதீர்கள். சில சாயங்களில் தாமிரம், குரோமியம் உண்டு; கரியோடு சேர்ந்து அதுவும் உங்கள் மண்ணுக்கு வந்துவிடும்.

கரி உண்மையில் கைகொடுக்கும் இடம் ஒன்று உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. மருந்து அடித்தபின் ஸ்பிரேயரைக் கழுவும் தண்ணீரைக் கிணற்றடியில்தானே பலரும் ஊற்றுகிறார்கள்? ஒரு டிரம்மில் அடியில் ஜல்லி, நடுவில் கழுவிய கரி, மேலே மணல் என்று நிரப்பி, அந்தத் தண்ணீரை மெதுவாகச் சொட்டவிடுங்கள். பூச்சிக்கொல்லிகள் பலவற்றைக் கரி நன்றாகப் பிடிக்கும். வடிந்து வருவதையும் கிணற்றை விட்டுத் தள்ளி, வரப்போரப் புல்லில் விடுங்கள்.

தென்னை விஷயத்தில் முதலில் தண்ணீரையும் மண்ணையும் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து ஈ.சி., சோடியம் அளவுகளை வாங்குங்கள். ஈ.சி. மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸுக்கு (dS/m) மேல் இருந்தால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பிப் பாய்ச்சுவது ஆபத்து. பண்ணைக்குட்டையில் மழைநீர் பிடித்துக் கலந்து விட வேண்டியிருக்கும். சோடியம் மிகுந்திருந்தால் ஜிப்சம் இட வேண்டும். எவ்வளவு என்பது மண்ணைப் பொறுத்தது. ரிப்போர்ட் வந்ததும் எண்களை எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.