ஹெச்-4 விசாவில் வேலை: கணவரின் ஐ-140-இல் தொடங்குங்கள்

"கணவர் ஹெச்-1பி, நான் ஹெச்-4. டல்லாஸ் வந்து இரண்டு மாதம் ஆகிறது. எப்போது வேலைக்குப் போகலாம்?" என்று கேட்டிருந்தீர்கள், சகோதரி. (ஹெச்-1பி அமெரிக்காவில் வேலை பார்ப்பதற்கான விசா, ஹெச்-4 அவருடைய குடும்பத்துக்கான விசா.)

உங்கள் படிப்பு, அனுபவம் எதையும் இங்கே பார்க்க மாட்டார்கள். கணவருக்காக அவருடைய கம்பெனி போடும் கிரீன் கார்டு மனு, அதாவது ஐ-140, அப்ரூவ் ஆகியிருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அப்போதுதான் இஏடி கார்டுக்கு, அதாவது வேலை அனுமதி அட்டைக்கு, விண்ணப்பிக்க முடியும். 2015 மே 26 முதல் இதுதான் விதி. ஐ-140-க்கு முன்னால் பெர்ம் என்ற படி இருக்கிறது, அதாவது கம்பெனி அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் சான்று வாங்குவது. அதற்கே ஒரு வருஷத்துக்கு மேல் இழுக்கிறது. "சேர்ந்து ஒரு வருஷம் ஆகட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம்" என்று கம்பெனி சொன்னால், வீணாவது உங்கள் வருஷம். கணவரை இந்த வாரமே ஹெச்ஆரிடம் பேசச் சொல்லுங்கள்.

இஏடிக்கான படிவம் ஐ-765. 27-ஆம் கேள்விக்கு (சி)(26) என்று எழுதுங்கள். தபாலில் அனுப்பினால் கட்டணம் 520 டாலர். இப்போது செக் வாங்குவதில்லை. ஜி-1450 படிவத்தில் கிரெடிட் அல்லது டெபிட் கார்டு விவரம் எழுதி வைக்கலாம். உங்கள் ஐ-94 (எந்த விசாவில், எதுவரை தங்கலாம் என்ற பதிவு), ஹெச்-4 அப்ரூவல், கணவரின் ஹெச்-1பி, ஐ-140 அப்ரூவல், திருமணச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் நகல் போதும். சான்றிதழ் தமிழில் இருந்தால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், "இரு மொழியும் அறிவேன், மொழிபெயர்ப்பு சரியானது" என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட குறிப்பும் வேண்டும். படிவத்தில் உங்கள் கையெழுத்து விட்டுப்போனால் மொத்தக் கட்டும் திரும்பி வரும். சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் அதே படிவத்திலேயே கேட்டுவிடுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது புதுப்பிக்கும்போதுதான். இஏடி தேதி உங்கள் ஹெச்-4 தேதியைத் தாண்டாது. கணவரின் ஹெச்-1பி நீட்டிப்பைப் போடும் கம்பெனி வக்கீல், உங்கள் ஐ-539-ஐயும் (ஹெச்-4 நீட்டிப்புப் படிவம்) ஐ-765-ஐயும் தானாகப் போட்டுவிடுவார் என்று இருந்துவிடாதீர்கள். நீங்களே எழுதிக் கேளுங்கள். முன்பெல்லாம் புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களில் பலருக்குப் பழைய கார்டு 540 நாள்வரை தானாக நீண்டது. 2025 அக்டோபர் 30 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு அது கிடையாது. புதுக் கார்டு வருவதற்குள் பழையது முடிந்தால் அன்றே வேலையை நிறுத்த வேண்டும். முடிவதற்கு 180 நாள் முன்பே போடலாம். அந்தத் தேதியை இப்போதே குறித்து வையுங்கள்.

இஏடி கைக்கு வரும்வரை "சென்னை கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன்" என்று இறங்க வேண்டாம். சம்பளம் இந்தியாவில் விழுந்தாலும் வேலை நடப்பது அமெரிக்காவில். நாளைக்கு கிரீன் கார்டு கட்டத்தில் அது கேள்வியாக வரும். கல்லூரியில் சேர்ந்து படிக்க ஹெச்-4-இல் தடையில்லை.

கணவர் எப்போதாவது எல்-1-க்கு, அதாவது கம்பெனி தன் வெளிநாட்டு அலுவலக ஊழியரை அமெரிக்காவுக்கு மாற்றும் விசாவுக்கு, மாறினால் கதையே வேறு. உங்கள் ஐ-94-இல் எல்-2எஸ் (எல்-1 ஊழியரின் மனைவி அல்லது கணவர்) என்று இருந்தாலே போதும், இஏடி இல்லாமலே வேலையில் சேரலாம்.