பொருள் இல்லாத பொருள்

கேள்வி: ரோமத் தோல் போர்த்திய தேநீர்க் கோப்பையின் படத்தைச் சென்ற இதழில் கண்டேன். எதன்மீது எதை ஒட்டினாலும் சர்ரியலிசக் கலை ஆகிவிடுமா? இப்படிப் பொருளே இல்லாத பொருள்களுக்கு அருங்காட்சியகத்தில் என்ன வேலை?

பதில்: ‘பொருள்’ என்ற சொல்லை ஒரே வரியில் இருமுறை ஆண்டிருக்கிறீர்கள், என் பதில் அங்கேயே தொடங்குகிறது. கையில் எடுப்பதும் பொருள், மனத்தில் கொள்வதும் பொருள் என்று தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் முடிந்து வைத்திருக்கிறது. கோப்பை என்றால் குடிப்பதற்கு, இஸ்திரிப் பெட்டி என்றால் துணியின் சுருக்கம் நீக்குவதற்கு என்று பயனையே பொருளாகக் கொண்டு பழகிவிட்டோம். கனவையும் ஆழ்மனத்தையும் கலைக்குள் கொண்டுவர முனைந்த சர்ரியலிஸ்டுகள் கை வைத்தது இந்த முடிச்சில்தான்.

‘எதன்மீது எதை’ என்று நீங்கள் கேட்பதை 1936இல் பிக்காசோவே பாரிஸ் காப்பிக்கடை ஒன்றில் வேறுவிதமாகச் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. நீங்கள் கண்ட கோப்பையைப் பின்னர் படைத்த கலைஞர் மெரெட் ஓப்பன்ஹைம் அணிந்திருந்த ரோமக் காப்பைப் பார்த்து, எதை வேண்டுமானாலும் ரோமத்தால் மூடலாமே என்றாராம். அப்போது இருபத்திரண்டே வயதான ஓப்பன்ஹைம் எதையோ மூடவில்லை. கோப்பையையும் தட்டையும் கரண்டியையும் தேர்ந்தார். அதே தோலை ஒரு மரப்பெட்டிக்குப் போர்த்தியிருந்தால் அது அழகிய பெட்டியாகவே இருந்திருக்கும். கோப்பையோ உதட்டுக்கு வருவது. நனைந்த ரோமம் நாவில் படுவதை எண்ணிய கணத்தில் உடல் கூசுகிறது. அமெரிக்கக் கலைஞர் மான் ரே 1921இல் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பரப்பில் பதினான்கு ஆணிகளை வரிசையாக ஒட்டியபோதும் நடந்தது இதுவே: துணியைச் சீராக்க வேண்டிய கருவி துணியைக் கிழிப்பதாயிற்று. அதற்கு அவர் இட்ட பெயர் ‘பரிசு’. ஒட்டுவது எவருக்கும் எளிது. எந்தப் பண்டத்தின் எந்தப் பயனை எதைக்கொண்டு மறிப்பது என்று காண்பதே கலைஞரின் வேலை.

தலைப்புகளைப் பற்றி இப்பக்கத்தில் பலமுறை வாதாடியிருக்கிறேன், இம்முறையும் விட மனமில்லை. சர்ரியலிச இயக்கத்தை வழிநடத்திய கவிஞர் ஆந்திரே பிரெத்தோன் அந்தக் கோப்பைக்கு ‘ரோமத்தில் மதிய உணவு’ என்று பெயர் சூட்டினார். அதன்பின் பார்வையாளர் கோப்பையைக் காணுமுன் பெயரின் விளக்கத்தைத் தேடத் தொடங்கினார்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதை முதன்மையாக ‘பொருள்’ என்றே குறிக்கிறது. அந்த ஒற்றைச் சொல் எனக்குப் போதும்.

அங்கே அதற்கு என்ன வேலை என்கிறீர்கள். கண்ணாடிக்கு அப்பால், எவரும் தொட முடியாத இடத்தில் இருந்துகொண்டு, பார்ப்பவரின் நாக்கைக் கூச வைக்கிறது.