அம்மாவின் குழுவும் வங்கி நேர்முகத் தேர்வும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் தருமபுரி மாவட்டத்தில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, அரசு கலைக் கல்லூரியில் கணிதத்தில் பட்டம் பெற்றேன். மூன்று ஆண்டுகளாக வங்கித் தேர்வுகளுக்குப் படித்து வருகிறேன். சென்ற ஆண்டு, அரசு வங்கிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் ஐபிபிஎஸ் நிறுவனத்தின் அதிகாரிப் பணிக்கான முதன்மைத் தேர்வில் தேறி நேர்முகத் தேர்வுக்குச் சென்றேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். மனப்பாடம் செய்து வைத்திருந்த பதிலில் மூன்றாவது வாக்கியம் மறந்துபோயிற்று. அதன்பின் கைகள் நடுங்கத் தொடங்கின. தெரிந்த கேள்விகளுக்கும் பதில் வரவில்லை. இறுதிப் பட்டியலில் என் பெயர் இல்லை.

இந்த ஆண்டும் அழைப்பு வந்திருக்கிறது. இன்னும் ஐந்து வாரங்கள் இருக்கின்றன. அப்பா கட்டட வேலைக்குப் போகிறார்; அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார். குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. இதர பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் விண்ணப்பித்திருக்கிறேன். தமிழ் வழியில் படித்ததும் மூன்று ஆண்டுகள் வேலையில்லாமல் இருந்ததும் எனக்குக் குறையாகுமா? நடுக்கத்தை எப்படி நிறுத்துவது? நீங்கள் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் என்பதால் கேட்கிறேன்.

க.

அன்புள்ள க.,

மூன்றாவது வாக்கியம் மறந்துபோயிற்று என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் சிக்கல் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. கைநடுக்கம் அதன் விளைவு. மனப்பாடம் செய்த பதில் கோத்த மணிமாலையைப் போன்றது. நூல் ஓரிடத்தில் அறுந்தால் எல்லா மணிகளும் சிதறிவிடும். உங்கள் ஊரில் பேருந்து எப்போது வரும் என்று யாராவது கேட்டால் நீங்கள் திணறுவதில்லை, ஏனென்றால் அங்கே உங்களிடம் இருப்பது செய்தி, வாக்கியம் இல்லை. இந்த ஐந்து வாரங்களில் நீங்கள் செய்ய வேண்டிய பெரிய வேலை, எழுதி வைத்த வாக்கியங்களைக் கைவிட்டுச் செய்திகளை மட்டும் கையில் வைத்துக்கொள்வதுதான்.

உங்களைப் பற்றிச் சொல்ல நான்கு செய்திகள் போதும்: ஊர், படிப்பு, இந்த மூன்று ஆண்டுகள், வங்கிப் பணியை விரும்பும் காரணம். அவற்றைத் தினமும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் வேறு வேறு சொற்களில், ஒருநாள் ஊரில் தொடங்கி, மறுநாள் படிப்பில் தொடங்கிச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். முதல் வாரம் உங்கள் குரலைக் கேட்கவே பிடிக்காது. இரண்டாம் வாரத்தில் எங்கே இழுக்கிறீர்கள், எங்கே விழுங்குகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். நேர்முகத் தேர்வு வாயால் எழுதும் தேர்வு. அதற்குக் கண்ணால் மட்டும் படித்துத் தயாராகிறவர்களைத்தான் நான் மிகுதியாகப் பார்த்திருக்கிறேன். நன்றாகப் படித்த பிள்ளைகள் பலர் அதனாலேயே தடுமாறினார்கள்.

பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில் சில முறை தேர்வுக் குழுவில் அமர்ந்திருக்கிறேன். எங்கள் மேசையில் இருந்தது தேர்வுக்கு வருபவர் நிரப்பிக் கொடுத்த விவரத் தாள்தான். கேள்விகள் அதிலிருந்தே பிறக்கும். ஒரு நாளில் பலரைப் பார்க்கும் குழுவினர், எல்லோரும் ஒரே பயிற்சி மையத்துப் பதிலை ஒப்பிப்பதைக் கேட்டுச் சோர்ந்திருக்கும்போது, தன் ஊரைப் பற்றித் தெரிந்து பேசும் ஒருவர் வந்தால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்த வகையில் உங்களுக்கு வாய்த்தது போன்ற ஊர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தமிழ்நாட்டில் அரசின் முயற்சியாக மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியது உங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான். 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, கிருஷ்ணகிரி இன்னும் தனி மாவட்டமாகப் பிரியாத காலத்தில் அது தொடங்கியது. குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை, வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு 1992இல்தான், 500 குழுக்கள் என்ற இலக்கோடு, நாடு முழுவதற்குமாகத் தொடங்கியது. அந்த வரலாறு உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அம்மாவிடம் கேளுங்கள்: மாதம் எவ்வளவு சேமிக்கிறார்கள், குழுவின் சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்குத் தரும் உள்கடனுக்கு என்ன வட்டி, வங்கிக் கடன் எத்தனை மாதத் தவணை, ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள், தீர்மானப் புத்தகத்தை யார் எழுதுகிறார்கள். அடமானம் இல்லாத கடன் எப்படித் திரும்பி வருகிறது என்பது வங்கித் தொழிலின் முதன்மையான கேள்விகளில் ஒன்று. அதற்கு உங்கள் அம்மா தரும் பதிலை எளிய ஆங்கிலத்தில் சொல்ல முடிந்தால், தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் அடுத்த ஐந்து நிமிடங்கள் உங்களோடு அதைப் பற்றியே பேசுவார்கள். உரையாடலை உங்களுக்குத் தெரிந்த நிலத்துக்கு நீங்களே கொண்டுவந்துவிட்டீர்கள் என்று பொருள்.

தமிழ் வழிக் கல்வியைப் பற்றிக் கேட்டீர்கள். அதை யாரும் குறையாக எண்ணி மதிப்பெண்ணைக் குறைப்பதை நான் பார்த்ததில்லை. தவறான உச்சரிப்பு எங்களைத் தொந்தரவு செய்ததில்லை. முடிக்க முடியாத நீண்ட வாக்கியங்கள்தான் தொந்தரவு செய்தன. ஆறேழு சொற்களில் ஒரு வாக்கியம், பிறகு நிறுத்தம், பிறகு அடுத்த வாக்கியம் என்று பேசப் பழகுங்கள். கேள்வி புரியாவிட்டால் மறுபடி சொல்லும்படி கேட்பது உங்கள் உரிமை.

மூன்று ஆண்டுகளைப் பற்றி நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். தேர்வுக்குப் படித்தேன், சென்ற ஆண்டு நேர்முகத் தேர்வுவரை வந்தேன், தேறவில்லை, எங்கே தவறினேன் என்று தெரிந்துகொண்டு மறுபடி வந்திருக்கிறேன் என்று சொல்வதில் தலைகுனிய ஒன்றுமில்லை. அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

தெரியாததைப் பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1983இல் நான் முதன்முதலாக வங்கி நேர்முகத் தேர்வுக்குச் சென்றபோது, ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல், தெரிந்தவனைப் போல ஒன்றைச் சொன்னேன். கேட்டவர் மறுக்கவில்லை, அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வியைக் கேட்டார். அதற்கும் ஒன்றைச் சொன்னேன். மூன்றாவது கேள்வியில் வாய் அடைத்துப்போயிற்று. நான் தேறவில்லை. இன்றுவரை வருந்துவது அறியாமைக்காக இல்லை, அன்று காட்டிய நேர்மையின்மைக்காக. பிறர் பணத்தைக் கையில் வாங்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் அதைக் கவனிக்காமல் இருப்பார்களா? தெரியாவிட்டால் "மன்னிக்கவும், எனக்குத் தெரியவில்லை" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி, அடுத்த கேள்விக்கு முகத்தை நிமிர்த்துங்கள். ஆனால் இந்தச் சலுகை அடிப்படைகளுக்குச் செல்லாது. ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) என்றால் என்ன, ரொக்க இருப்பு விகிதம் (வங்கிகள் ரிசர்வ் வங்கியில் வைக்க வேண்டிய பணத்தின் பங்கு) எதற்கு, 90 நாள்களுக்கு மேல் தவணை நிலுவையில் நின்றால் கடன் ஏன் வாராக்கடன் ஆகிறது, வைப்புத்தொகைக் காப்பீடு ஏன் 5 லட்சம் ரூபாயோடு நிற்கிறது, வாடிக்கையாளரின் அடையாள விவரங்களான கேஒய்சியை ஏன் கேட்கிறோம் என்பவை உங்கள் நாக்கில் இருக்க வேண்டும். அருகிலுள்ள கிளைக்கு ஒரு காலைப்பொழுது அம்மாவோடு சென்று, நகைக்கடன் வாங்கும் இடத்தையும் மதிப்பீட்டாளர் தங்கத்தை உரசிப் பார்ப்பதையும் கவனித்து வாருங்கள். புத்தகத்தில் படித்தவை அங்கே கண்முன் தெரியும்.

இனி நடுக்கம். அது முழுவதும் நின்றுவிடும் என்று நான் உறுதி தர மாட்டேன், நிற்கவும் வேண்டியதில்லை. உள்ளே நாம் உணரும் பதற்றம் அவ்வளவும் வெளியே தெரிகிறது என்று நம்புகிறோம். அது பெரும்பாலும் பிழையான நம்பிக்கை. அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் சவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உண்மையை மேடைப் பேச்சுக்கு முன்பே எடுத்துச் சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். மேசைக்கு மறுபுறம் இருந்த நானும் இதையே கண்டேன்: வெளியே வந்து "நடுங்கிவிட்டேன் ஐயா" என்று சொன்னவர்களில் பலரிடம் நாங்கள் எந்த நடுக்கத்தையும் பார்த்ததில்லை. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வும் உங்களுக்கு உதவும். பதற்றமான நேரத்தில் "அமைதியாக இரு" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டவர்களைவிட, "எனக்கு ஆவலாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் சிறப்பாகப் பேசினார்கள். இதயம் வேகமாகத் துடிப்பது அச்சத்திலும் ஆவலிலும் ஒன்றுதான். அதற்கு நாம் வைக்கும் பெயர் மட்டுமே மாறுகிறது. காத்திருக்கும்போது மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கைகளை மடியில் கோத்து வையுங்கள். முதல் இரண்டு நிமிடங்கள்தான் கடினமானவை.

மதிப்பெண் கணக்கையும் பார்த்துவிடுங்கள், அதுவும் ஒரு மருந்து. நேர்முகத் தேர்வுக்கு 100 மதிப்பெண். உங்களைப் போன்ற இதர பிற்படுத்தப்பட்டோர் பிரிவினர் 35 பெற்றால் தகுதி. இறுதித் தரவரிசையில் முதன்மைத் தேர்வுக்கு 80 பங்கு, நேர்முகத் தேர்வுக்கு 20 பங்கு. உள்ளே பத்து மதிப்பெண் குறைந்தாலும் இறுதிக் கணக்கில் குறைவது இரண்டுதான். அந்த இரண்டு பட்டியலின் ஓரத்தில் இருப்பவரை வெளியே தள்ளக்கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி தவறியதும் எல்லாம் முடிந்தது என்று சென்ற ஆண்டு உங்களுக்குத் தோன்றியதே, அது உண்மையில்லை. நீங்கள் எழுதிப் பெற்ற பெரும்பங்கு உங்களோடுதான் அறைக்குள் வருகிறது.

இன்னொன்றை இந்த வாரமே செய்யுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளை நேர்முகத் தேர்வு நாளன்று உண்மையிலேயே கலங்கடிப்பது சான்றிதழ்கள்தான். மாநில அரசு தரும் சாதிச் சான்றிதழை மட்டும் எடுத்துக்கொண்டு வருவார்கள். மத்தியப் பணிகளுக்கோ இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் தனிப் படிவத்தில், வளமான பிரிவைச் (கிரீமி லேயர்) சேர்ந்தவர் இல்லை என்ற குறிப்போடு, அறிவிப்பில் சொன்ன காலத்துக்குள் பெற்றதாக இருக்க வேண்டும். உங்களுடையதன் தேதியை இன்றிரவே பாருங்கள். பழையதாக இருந்தால் நாளைக் காலையே இ-சேவை மையத்துக்குச் சென்று விண்ணப்பியுங்கள். வருவாய் ஆய்வாளரைக் கடந்து வட்டாட்சியரிடமிருந்து அது வந்து சேரச் சில நாள்கள் ஆகும்.

அன்புடன்.