முன் பிரேக்கைக் கழற்றாதீர்கள்

கேள்வி: என்னிடம் கியர் இல்லாத பழைய சைக்கிள் ஒன்று இருக்கிறது. அதை ஃபிக்ஸியாக மாற்ற ஆசை. எங்கள் தெருக் கடைக்காரர் ஃப்ரீவீலில் (மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுற்றவிடும் பின் பல்சக்கரம்) வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்கிறார். 'அப்புறம் காலாலேயே நிறுத்திக்கலாம், பிரேக் எதுக்கு?' என்றும் சொல்கிறார். செய்யலாமா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: ஆசை நல்ல ஆசைதான் தம்பி. நானும் ஃபிக்ஸிதான் ஓட்டுகிறேன். ஆனால் அந்த வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

ஃபிக்ஸியில் பின்சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். வேகம் குறைய வேண்டுமென்றால் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்த வேண்டும். சிக்கல் அங்கேதான். ஃப்ரீவீல் மரை மூலம்தான் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியில், ஏறியிருக்கிறது. முன்னால் மிதிக்க மிதிக்க அது இறுகும், எதிர்த்து அழுத்தினால் கழலும். வெல்டிங் ஃப்ரீவீலின் உள்ளே இருப்பதைத்தான் பூட்டுகிறது. ஹப் மரையில் அதற்குப் பிடிமானம் இல்லை. பஸ் குறுக்கே வரும் நேரத்தில் கால் முழு பலத்தோடு அழுத்தும், மரை கழன்று பெடல் சும்மா சுற்றும்.

ஃபிக்ஸிக்கென்றே வரும் ஹப்பைக் கையில் வாங்கிப் பாருங்கள். மரை இரண்டு படியாக இருக்கும். உள்படியில் பல்சக்கரம் ஏறும். சற்றுச் சிறிய வெளிப்படியில் மரை எதிர்த்திசையில் வெட்டியிருக்கும். அதில் லாக்ரிங் என்ற பூட்டு வளையம் ஏறும். பல்சக்கரம் கழல முயன்றால் லாக்ரிங் இன்னும் இறுகி அதைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஹப்பை வாங்கிக் கொடுத்து, சக்கரத்தைக் கட்டித் தரச் சொல்லுங்கள். செலவு கூடும், கூடட்டும்.

பிரேக் விஷயத்துக்கு வருகிறேன். பந்தயத் தடத்தில், ஜப்பானில் 1948-இல் தொடங்கிய கெய்ரின் போட்டியிலும், பிரேக் இல்லாமல்தான் ஓட்டுகிறார்கள். அங்கே எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். குறுக்கே ஆடும் வராது, ஆட்டோவும் வராது. சாலையில் வேகத்தைக் குறைக்கும்போது உடல் எடை முன்சக்கரத்துக்குப் போய்விடும். பின்சக்கரம் லேசாகி வழுக்கும். காலில் எவ்வளவு பலம் இருந்தாலும் அந்த வழுக்கலை வெல்ல முடியாது. பிரிட்டனில் 1983-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஃபிக்ஸியைச் சாலையில் ஓட்ட முன்சக்கர பிரேக் கட்டாயம். பின் பிரேக்கைக் கழற்றினால்கூட நான் பெரிதாகச் சண்டை போடமாட்டேன். முன் பிரேக்கைத் தொடாதீர்கள்.

கோவையில் இருப்பதால் இன்னொன்று. முன்னால் 44 பல், பின்னால் 16 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 5.8 மீட்டர் அளவுக்கு நகரும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 86 தடவை சுற்றும், அது சுகம். 45 கி.மீ.யில் சுமார் 130. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையில் வண்டி உங்களைக் கேட்டுக்கொண்டு வேகமெடுக்காது. அந்தப் பக்கம் கியர் சைக்கிளில் போய்வாருங்கள்.

கேள்வி: பின்சக்கரத்தில் ஒரு பக்கம் ஃப்ரீவீல், மறுபக்கம் ஃபிக்ஸட் உள்ள சைக்கிள் வாங்கியிருக்கிறேன். எதில் ஆரம்பிக்க?
– வாசகி, சென்னை

பதில்: சென்னை சமதரை, ஃபிக்ஸட் பக்கத்துக்குத் தோதான ஊர். முதலில் காலி மைதானத்தில் பழகுங்கள். வேகத்தடை வந்தால் எல்லோருக்கும் கால் தானாக நின்றுவிடும். ஃபிக்ஸியில் நிறுத்தினால் பெடல் உங்களைத் தூக்கிவிடும். மிதித்துக்கொண்டே இருக்கையிலிருந்து லேசாக எழுந்து தாண்டுங்கள். வளைவில் அதிகம் சாய்ந்தால் உள்பக்கப் பெடல் தரையில் இடிக்கும், அதனால் வேகத்தை முன்பே குறைத்துவிடுங்கள்.

துப்பட்டாவைக் கட்டிக்கொள்ளுங்கள், ஷூ லேஸை உள்ளே செருகுங்கள். செயின் நடுவில் அரை அங்குலத்துக்கு மேல் தொய்வு வேண்டாம். ஓடும்போது செயின் கழன்றால் சக்கரத்தையே பூட்டிவிடக்கூடும். செயினைத் துடைக்கும்போது சக்கரத்தைச் சுழலவிட்டுத் துணியைப் பிடிக்கவே கூடாது. துணியோடு விரலும் பல்சக்கரத்துக்குள் போய்விடும். சக்கரத்தை நிறுத்தி, கொஞ்சம் துடைத்து, கையை எடுத்துவிட்டு நகர்த்தி, மறுபடி துடையுங்கள்.