அரசாங்கத்தின் பட்டயமும் மரண தண்டனையும்: கேள்வி பதில்

கேள்வி: போதகர் ஐயா, "கொலை செய்யாதிருப்பாயாக" என்று கட்டளை இருக்க, அரசாங்கம் ஒருவரின் உயிரை எடுக்கலாமா?

பதில்: அந்தக் கட்டளையை மட்டும் வைத்து வாதாட இயலாது, சகோதரரே. அடுத்த அதிகாரமே (யாத்திராகமம் 21:12) கொலைகாரனுக்கு மரணத்தை விதிக்கிறது.

கேள்வி: அப்படியானால், அதிகாரி பட்டயத்தை (வாளை) விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லை என்று சொல்லும் ரோமர் 13:4 அரசாங்கத்துக்குத் தடையற்ற உரிமை தருகிறதா?

பதில்: தரவில்லை. பழிவாங்குதல் கர்த்தருக்குரியது என்று 12ஆம் அதிகாரத்தின் முடிவில் எழுதி, தனிமனிதன் கையிலிருந்து அதை எடுத்துவிட்ட பிறகுதான், பட்டயம் பிடித்திருக்கும் அதிகாரியைத் தேவ ஊழியக்காரன் என்று பவுல் அழைக்கிறார். ஊழியக்காரன் எஜமானுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவன். இயேசுவை விசாரித்த ரோம ஆளுநன் பிலாத்துவின் அதிகாரமும் பரத்திலிருந்து வந்ததே என்று இயேசு சொன்னார் (யோவான் 19:11). அந்த அதிகாரத்தைக் கொண்டுதான் அவன் குற்றமற்றவரைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்தான். இதை மறந்துவிட்டு ரோமர் 13ஐ வாசிப்பது ஆபத்தானது.

கேள்வி: ஐயா, சபைகள் இதில் ஒரே மனதாக இருக்கின்றனவா?

பதில்: இல்லை, சகோதரி. 1999 ஜனவரியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு வந்த போப் இரண்டாம் யோவான் பவுல், மூன்று பேரைக் கொன்ற ஒரு கைதிக்காக மிசௌரி ஆளுநர் மெல் கார்னஹானிடம் மன்றாடினார். மரண தண்டனையை ஆதரித்துவந்த, பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த அந்த ஆளுநர், தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தார். மறு ஆண்டே, அமெரிக்க பாப்டிஸ்ட் சபைகளின் கூட்டமைப்பான தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு, நியாயமாக நிறைவேற்றப்படும் மரண தண்டனையை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. 2018இல் போப் பிரான்சிஸ் கத்தோலிக்க மறைக்கல்வி நூலைத் திருத்தி, அத்தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று அறிவித்தார்.

கேள்வி: தங்கள் சொந்த நிலைப்பாடு என்ன?

பதில்: அதிகாரம் உண்டு, ஆனால் அதைப் பயன்படுத்த வேதம் வைத்த நிபந்தனைகளை இன்றைய நீதிமன்றங்கள் நிறைவேற்றுவதில்லை என்றே நம்புகிறேன். உபாகமம் 17:6-7 ஒரே சாட்சியின் வாக்கால் எவரையும் கொல்லக் கூடாது என்கிறது. அதோடு, சாட்சி சொன்னவனின் கையே முதலாவது கல்லெறிய வேண்டும் என்கிறது. தன் சொல்லால் சாகப்போகிறவனின் முகத்துக்கு நேரே நிற்கவேண்டிய சாட்சி, பொய் சொல்லத் துணிவானா? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மரண தண்டனை பெற்றவர்களில் 13 பேர், தீர்ப்பே தவறென்று தெரிந்து விடுவிக்கப்பட்டனர். அதே காலத்தில் 12 பேரின் தண்டனை நிறைவேற்றப்பட்டிருந்தது. இதைக் கண்ட ஆளுநர் ஜார்ஜ் ரையன் 2000இல் தண்டனைகளை நிறுத்திவைத்து, 2003இல் 167 பேரின் மரண தண்டனையைக் குறைத்தார். அவர் செய்ததில் நான் ரோமர் 13க்கு விரோதமான எதையும் காணவில்லை.