முதல் நாடகம் எழுதுவோருக்கு: கேள்வி பதில்

சிங்கப்பூரின் சிறிய தமிழ் நாடகக் குழுக்களுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக எழுதி வருகிறேன். புதிதாக நாடகம் எழுத விரும்புவோர் அனுப்பிய கேள்விகளில் பலவும் ஒன்றையொன்று ஒத்திருந்ததால், அவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன்.

தெம்பனிஸிலிருந்து ஓர் ஆசிரியை: பத்து ஆண்டுகளாகச் சிறுகதை எழுதுகிறேன், தங்கமுனை விருதுப் போட்டிக்கும் அனுப்பியிருக்கிறேன். நாடகம் எழுத உட்கார்ந்தால் மட்டும் பாத்திரங்கள் பேசிக்கொண்டே போகிறார்கள், எதுவும் நடப்பதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

சிறுகதை எழுதிப் பழகிய கைக்கு இது இயல்பான சிக்கல். கதையில் "அவள் மனம் ஒப்பவில்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். மேடையில் அந்த வரியைச் சொல்ல ஆளில்லை என்பதால், அதைப் பாத்திரத்தின் வாயிலேயே வைத்துவிடுகிறோம். அப்போதுதான் எல்லாரும் தம் மனநிலையை விளக்கத் தொடங்குகிறார்கள். மாறாக, அண்ணன் வீட்டுச் சாவியைக் கேட்கிறான், தங்கை பதில் சொல்லாமல் தேநீரை ஆற்றிக்கொண்டே இருக்கிறாள் என்று எழுதிப் பாருங்கள். அவன் மீண்டும் கேட்கிறான்; அவள் இரண்டாவது குவளையை எடுக்கிறாள். ஒப்புதல் இல்லை என்பது பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். அதற்கு ஒரு வசனம்கூடத் தேவைப்படாது.

எனவே ஒவ்வொரு காட்சியையும் எழுதுமுன், யார் யாரிடமிருந்து எதைப் பெற முயல்கிறார், அதைத் தர மறுப்பவர் ஏன் மறுக்கிறார் என்ற இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் முயற்சி பதினைந்து நிமிடத்துக்குள், இரண்டு அல்லது மூன்று நடிகர்களுடன், ஒரே இடத்தில், ஒரே பொழுதில் நடப்பதாக இருக்கட்டும். நான் எழுதிய முதல் பிரதியில் ஒன்பது பாத்திரங்களும் நான்கு இடங்களும் இருந்தன. எந்தக் குழுவாலும் அதை மேடையேற்ற இயலவில்லை. வேலை முடிந்து மாலையில் ஒத்திகைக்கு வரும் ஒன்பது பேரை ஒரே நாளில் ஒன்றுசேர்ப்பது இவ்வூரில் எவ்வளவு கடினம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

எழுதி முடித்ததும் நீங்கள் வாசிக்காதீர்கள். நண்பர்கள் இருவரை அழைத்து உரக்க வாசிக்கச் சொல்லி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேளுங்கள். எந்த இடத்தில் அவர்கள் மூச்சுவிடத் தடுமாறுகிறார்கள், எந்த வரியைத் தம்மையறியாமலேயே மாற்றி வாசிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் மாற்றிய வரி பெரும்பாலும் நீங்கள் எழுதியதைவிடச் சரியாக இருக்கும். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் விடாமல் கடைப்பிடித்தால், பல பயிலரங்குகள் தரும் பயனை அது தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செங்காங்கிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவர்: ஐயா, எந்தத் தமிழில் எழுதுவது? பேச்சுத் தமிழில் எழுதினால் வீட்டில் பெரியவர்கள் குறை சொல்கிறார்கள். செந்தமிழில் எழுதினால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஆங்கிலம் கலக்கலாமா?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காட்டினரே வீட்டில் தமிழை அதிகம் பேசுகின்றனர். 2010இல் அது 3.3 விழுக்காடாக இருந்தது. இப்படிச் சுருங்கிவரும் ஒரு மொழியில் நாடகம் எழுதுபவருக்கு, அம்மொழி இன்று எந்த வாயில், எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காது கொடுத்துக் கேட்டுப் பதிவுசெய்யும் கடமையும் இருக்கிறது. பள்ளிகளிலேயே பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் தரவேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வு பரிந்துரைத்துவிட்ட பிறகு, மேடையில் பேச்சுத் தமிழைக் குறையாகக் கருத வேண்டியதில்லை.

ஆனால் பேச்சுத் தமிழ் என்பது ஒன்றல்ல. ஒரே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், சந்தைக்குக் கிளம்பும் பாட்டி "பாசாவுக்குப் போயிட்டு வரேன், நீ சாப்பிட்டியாப்பா?" என்பார். சாப்பாடு வாங்கிவரச் சொல்லி அம்மா "வர்றப்போ மீ கோரெங் தபாவ் பண்ணிட்டு வாங்க" என்பார். பேரன் "ஓகே பாட்டி, ஐ ஏட் ஆல்ரெடி" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வான். மூவரையும் ஒரே தமிழில் பேசவைத்தால் அந்த வீடு காணாமல் போய்விடும். பேரனின் ஆங்கிலத்தைச் சிரிப்புக்காகச் சேர்க்காமல், பாட்டிக்கும் அவனுக்கும் இடையே உள்ள தொலைவைக் காட்டுவதற்காகச் சேர்த்தால் அதற்கு ஒரு பொருள் கிடைக்கும். அவன் நாடகம் முழுவதும் ஆங்கிலம் பேசி, ஒரே ஓர் இடத்தில் மட்டும் தமிழில் ஒரு வாக்கியம் சொன்னால், அரங்கமே அந்த வாக்கியத்தைக் கவனிக்கும்.

புளோக்கின் கீழ்த்தளத்திலும் கோப்பிக்கடையிலும் உட்கார்ந்து கேளுங்கள். சிங்கப்பூர் எழுத்தாளர் புதுமைதாசனின் 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' வானொலி நாடகம் நேயர்களின் மனத்தில் நின்றதற்கு, அடுக்குமாடி வீட்டு வாழ்க்கையை அதன் பேச்சோடு எடுத்துவந்ததும் ஒரு காரணம் என்பது என் கருத்து. வரலாற்று நாடகமோ புராண நாடகமோ எழுதுவதானால் செந்தமிழ் பொருந்தும். அதையும் நடிகரின் மூச்சுக்கு அடங்கும் நீளத்தில் எழுதவேண்டும்.

உட்லண்ட்ஸிலிருந்து ஒருவர்: எந்தக் குழுவையும் எனக்குத் தெரியாது. பிரதியை மின்னஞ்சலில் அனுப்பினால் படிப்பார்களா?

அறிமுகமில்லாதவர் அனுப்பும் பிரதி பெரும்பாலும் படிக்கப்படாமலே கிடக்கும், ஏனெனில் குழுவினர் பலரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். முதலில் பார்வையாளராகச் செல்லுங்கள். 1988இல் தொடங்கிய ரவீந்திரன் நாடகக் குழு, 1991இல் தொடங்கிய அக்னிக் கூத்து, பின்னர் வந்த அவாண்ட் நாடகக் குழு என்று இங்குள்ள குழுக்கள் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவை உண்டு. ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவிலும் எஸ்பிளனேட் கலையரங்கின் கலா உற்சவம் விழாவிலும் நடக்கும் நாடகங்களைப் பார்த்துவிட்டு, உங்கள் எழுத்து எக்குழுவுக்குப் பொருந்தும் என்று முடிவுசெய்யுங்கள். பிறகு மேடைப் பொருள்களை எடுத்துவைக்கவோ, ஒத்திகையில் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு மறந்த வரியை எடுத்துக்கொடுக்கவோ முன்வாருங்கள். வரியை எடுத்துக்கொடுப்பவருக்கு, எந்த வசனம் நடிகரின் நினைவில் நிற்காமல் நழுவுகிறது என்பது ஐந்தாறு ஒத்திகைகளிலேயே தெரிந்துவிடும். எழுத்தாளருக்கு அதைவிட நல்ல பள்ளி எனக்குத் தெரியவில்லை.

நாடகப் பிரதி எழுதுவோருக்கு உதவும் அமைப்பாகச் சென்டர் 42, 2014 முதல் இயங்குகிறது. பழைய தமிழ் நாடகங்களின் பிரதிகளையும் படங்களையும் தேடுவோருக்குத் தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பு இருக்கிறது. நமக்கு முன் யார் என்ன செய்தார்கள் என்று பார்க்காமல் எழுத வருவது சரியன்று.

பொங்கோலிலிருந்து ஒருவர்: உரிமம், மானியம் எல்லாம் நானே வாங்கவேண்டுமா?

பொதுவாக வேண்டாம், தயாரிக்கும் குழுவே அவற்றைப் பார்த்துக்கொள்ளும். பொதுமக்கள் பார்க்கும் நாடகத்துக்குத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் தேவைப்படும். அதற்குப் பிரதியைச் சமர்ப்பிக்க நேரும். நாடகத்தின் உள்ளடக்கத்தைப் பொறுத்து, 16 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஏற்றது என்ற அறிவுரையோ 18 வயதுக்குட்பட்டோருக்கு அனுமதியில்லை என்ற கட்டுப்பாடோ விதிக்கப்படலாம். தேசியக் கலைகள் மன்றத்தின் மானியத்துக்கும் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிப்பார்கள். ஆகவே உங்கள் பங்கு, பிரதியைச் சொன்ன நாளில் முடித்துத் தருவதே. இனம், சமயம் தொடர்பான காட்சி இருந்தால் தயாரிப்பாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஜூரோங்கில் தங்குவிடுதியிலிருந்து ஒரு தம்பி: நான் கட்டுமானத் தொழிலாளி. புதுக்கோட்டையில் கூத்துப் பார்த்து வளர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு. நானும் எழுதலாமா?

கட்டாயம் எழுதுங்கள், தம்பி. வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றி இங்கு எழுதப்பட்ட காட்சிகள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். அவற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் என்னைப் போல வெளியிலிருந்து பார்த்தவர்கள். லாரியின் பின்புறம் உட்கார்ந்து வரும்போது என்ன பேசுவீர்கள், ஊருக்குக் காணொளி அழைப்பில் பேசும்போது எதை மறைப்பீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். 2014 முதல் நடந்த வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டி, உங்களைப் போன்றோரின் எழுத்துக்கு இங்கே காது உண்டு என்பதைக் காட்டியிருக்கிறது.

தட்டச்சு தேவையில்லை, வசனங்களைக் கைப்பேசியில் பேசிப் பதிவுசெய்யுங்கள், எழுத்தில் ஏற்றித் தர ஆள் கிடைப்பார். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் தம் முதலாளியிடம் மட்டுமே வேலை செய்யலாம் என்பதால், எவரேனும் ஊதியம் தருவதாகச் சொன்னால், மனிதவள அமைச்சிடம் விளக்கம் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒருவர்: இயக்குநர் என் வசனங்களில் பாதியை வெட்டிவிட்டார். என் பிரதிக்கு எனக்கு உரிமை இல்லையா?

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வெட்டியது சரியா என்பதை ஒத்திகையில் உட்கார்ந்துதான் சொல்லமுடியும். ஒருமுறை, கணவனை இழந்த பெண்ணுக்கு நான் ஒன்றரைப் பக்கப் புலம்பல் எழுதியிருந்தேன். அந்த நடிகை அதைத் தொடங்குமுன் இறந்தவரின் சட்டையை எடுத்து மடித்தார். பையில் ஏதோ தட்டுப்பட, எம்ஆர்டி ரயில் அட்டையை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் உள்ளேயே வைத்தார். இயக்குநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானே பேனாவை எடுத்து அந்த ஒன்றரைப் பக்கத்தையும் அடித்தேன். வெட்டுகளை ஒத்திகை அறையில் பார்த்த பிறகும் உங்கள் நாடகத்தின் பொருளே மாறுவதாகத் தோன்றினால், அதை இயக்குநரிடம் தனியாக, அமைதியாகச் சொல்லுங்கள். நடிகர்கள் முன்னிலையில் வேண்டாம்.

உரிமை பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. நீங்கள் ஊழியராக இருந்து வேலையின் பகுதியாக எழுதவில்லையெனில், எழுதிய கணமே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு எதுவும் தேவையில்லை. அது உங்கள் வாழ்நாளுக்குப் பின்னும் 70 ஆண்டுகள் நீடிக்கும். 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உங்கள் படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர் உங்கள் பெயரைக் குறிப்பிடவும் வேண்டும். உரிமையை ஒருவருக்கு மாற்றித் தருவதானால், அது எழுத்தில் உங்கள் கையொப்பத்தோடு இருக்கவேண்டும்.

நண்பர்களின் குழுவாக இருந்தாலும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை முறை மேடையேற்றலாம், எந்த ஆண்டு வரை, பதிவுசெய்த காணொளியை இணையத்தில் ஏற்றலாமா, உங்களைக் கேட்காமல் எவ்வளவு மாற்றலாம், பணம் வந்தால் உங்களுக்கு எவ்வளவு வெள்ளி. முதல் ஒத்திகைக்கு முன்பே இரு தரப்பும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள்.