நேற்று வரை கூட வேலை செய்தவர்களுக்கு இன்று நான் சூப்பர்வைசர். தலைமைப் பண்பையும் நிர்வாகத் திறமையையும் எப்படி வளர்த்துக்கொள்வது?

முதலில் வாழ்த்துகள். ஆப்பரேட்டராக இருந்த அதே லைனுக்கே சூப்பர்வைசராகப் போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் குளோசிங் பிரிவைப் பார்க்கிறேன், அதாவது ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற இடம். நானும் மெஷினில் உட்கார்ந்து மேலே வந்தவன்தான். அதனால் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன்: கெட்ட செய்தி உங்கள் காதுக்கு எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எங்கள் வேலையில் தைப்பதற்கு முன் தோலின் ஓரத்தை மெல்லியதாகச் சீவுவார்கள். ஸ்கைவிங் என்போம். மடித்துத் தைக்கும்போது தடித்துத் துருத்தாமல் இருக்க இது. செட்டிங் கொஞ்சம் மாறி அதிகமாகச் சீவிவிட்டால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது, தையலும் அழகாக விழும். லாஸ்டிங்கில், அதாவது கால் வடிவக் கட்டை மேல் வைத்து இழுக்கும்போதுதான், தையலோரம் பிய்யும். அதற்குள் வெட்டியவர், சீவியவர், ஒட்டியவர், தைத்தவர் என்று அத்தனை பேர் உழைப்பும் அதில் ஏறியிருக்கும். ஆனால் ஓரத்தை மடித்து ஒட்டுகிற அக்காவுக்கு விரல் பட்டதுமே தெரியும். அவர் வாயைத் திறப்பாரா, மாட்டாரா என்பதுதான் விஷயம்.

முன்பு எங்கள் லைனில் ஒரு சூப்பர்வைசர் இருந்தார். யார் என்ன குறை சொன்னாலும் அவர் முதலில் கேட்பது, "யார் பண்ணது?" அப்புறம் யார் சொல்வார்கள்? போர்டில் மணிக்கு மணி நம்பர் ஏறும், சாயங்காலம் லாஸ்டிங்கிலிருந்து கூடை கூடையாகத் திரும்பி வரும்.

அவருக்குப் பின் ஒரு மேடம் வந்தார். ஒருநாள் அந்த அக்கா, "மேடம், இந்த பண்டல் ரொம்ப மெல்லிசா கீது" என்றார். மேடம் கேட்டதெல்லாம், "எந்த பண்டல்ல இருந்து? எத்தனை ஜோடி தையலுக்குப் போயிடுச்சு?" உடனே ஸ்கைவிங் மெஷினை நிறுத்தி, ஒரு துண்டுத் தோலில் சீவிப் பார்த்து, செட்டிங்கைச் சரி பண்ணி, போனவற்றைத் தனியாக எடுத்து வைத்தார். யார் செய்தது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? சாப்பாட்டுக்கு அப்புறம் அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, பண்டல் மாறும்போதெல்லாம் முதலில் துண்டில் சீவிப் பார்க்கச் சொன்னார். அவ்வளவுதான்.

வேலூர்க்காரர்களுக்கு இதைக் கோட்டையைக் காட்டியே சொல்லலாம். 1806-ல் அங்கிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி சிப்பாய்களுக்குத் தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றியில் குறி கூடாது என்று மேலிருந்து உத்தரவு. மே மாதமே மாட்டேன் என்றார்கள், சொன்னவர்களுக்குக் கசையடி. ஜூனில் முஸ்தபா பெக் என்ற சிப்பாய் கர்னல் ஃபோர்ப்ஸிடமே போய், சதி நடக்கிறது என்று சொன்னார். நம்பவில்லை. ஜூலை 10 அதிகாலையில் புரட்சி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்துதான் அடக்க முடிந்தது. பிறகு கவர்னர் பென்டிங்க், தளபதி கிரடாக் இருவரையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. நான் சிப்பாய்கள் பக்கம்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் நிர்வாகமாகப் பார்த்தால், குறை சொன்னவனை அடித்தார்கள், சேதி கொண்டு வந்தவனை நம்பவில்லை. அதுவும் ஒரு கம்பெனிதானே!

நேற்று வரை தோளில் கை போட்டவர்களிடம் இன்று விறைப்பாக நடக்க வேண்டியதில்லை. அக்கா அக்காவாகவே இருக்கட்டும். முணுமுணுப்பு கிளம்புவது யாருக்கு நல்ல மெஷின், யாருக்கு ஓவர்டைம் என்பதில்தான். அதை ஒரு தாளில் எழுதி எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டிவிடுங்கள். பயிற்சி வகுப்புக்கு அனுப்பினால் போய் வாருங்கள், சாப்பாடு நன்றாக இருக்கும். எக்ஸெல்லை மட்டும் நிஜமாகவே கற்றுக்கொள்ளுங்கள்.

இனி மேலதிகாரியிடம் சொல்வது. இதில்தான் முக்கால்வாசிப் பேர் தடுமாறுகிறார்கள். மே நடுவில், வைகாசி முதல் தேதி, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்தப் பக்கத்திலிருந்து வருகிற கம்பெனி பஸ் அன்று காலியாகத்தான் வரும், எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனாலும் அன்று காலையில்தான் மேனேஜர் முன்னால் போய்க் கையைப் பிசைவார்கள். நீங்கள் பத்து நாள் முன்பே போங்கள். "சார், அன்னைக்கு 600 ஜோடி தேறாது, 450 தான் வரும். முந்தின ரெண்டு நாளும் ஒரு மணி நேரம் ஓவர்டைம் கொடுத்தா, மணிக்கு 75 கணக்குல அந்த 150-ஐ எடுத்துடலாம்." முகம் சுளிப்பார். நம்பரோடு போனால் கையெழுத்தும் போடுவார். வாங்கிய கையோடு பஸ் டிரைவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்புகிற பெண்களுக்கு வண்டி இல்லையென்றால் யாரும் ஓவர்டைமுக்கு நிற்க மாட்டார்கள்.